21ஆம் நாள் புரோஜெஸ்டிரோன் 0.8 என்று வந்திருக்கிறது, எனக்கு முட்டையே வரவில்லை என்று அர்த்தமா?

கெடிலக்கரை:

எல்லோருக்கும் வணக்கம். கடலூர், மஞ்சக்குப்பம் பக்கம். வயது 29. குழந்தைக்கு முயற்சி செய்ய ஆரம்பித்து ஒரு வருடத்தை நெருங்குகிறது. எனக்கு பீரியட்ஸ் 28 நாளில் வந்ததே கிடையாது, 35இலிருந்து 38க்குள் ஏதோ ஒரு நாள் வரும், வயதுக்கு வந்ததிலிருந்தே அப்படித்தான் என்பதால் வீட்டில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. போன மாதம் ஒரு தனியார் மருத்துவமனையில் காட்டினோம். ஸ்கேன் பார்த்துவிட்டு கர்ப்பப்பை நன்றாக இருக்கிறது, நீர்க்கட்டி எதுவும் இல்லை என்று சொல்லி, சீட்டில் 21ஆம் நாள் ரத்தத்தில் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோனைப் பார்க்கும்படி எழுதிக் கொடுத்தார்கள். நானும் பீரியட்ஸ் வந்த முதல் நாளிலிருந்து எண்ணி வைத்திருந்து சரியாக 21ஆம் நாள் காலையில் போய் ரத்தம் கொடுத்தேன். 0.8 நானோகிராம் என்று வந்தது, பக்கத்திலேயே தடித்த எழுத்தில் குறைவு என்று போட்டிருந்தார்கள்.

டாக்டர் அன்றைக்கு இல்லை. கவுண்டரில் இருந்தவர் வாங்கிப் பார்த்துவிட்டு, முட்டை வெடிக்கலைம்மா, அடுத்த மாசம் மாத்திரை ஆரம்பிச்சிடுவாங்க என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டார். அதற்குள் அது எப்படியோ நாத்தனார் வரைக்கும் போய், இப்போது வீட்டில் எனக்கு முட்டையே உருவாகாது என்பது மாதிரி பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. விசேஷம் ஏதாவது உண்டா என்று கேட்டவர்கள் எல்லாம் இப்போது என்ன டெஸ்ட் எடுத்தாய் என்று கேட்கிறார்கள்.

எனக்குத் தெரிய வேண்டியது இதுதான். 0.8 என்றால் முட்டை வரவே இல்லையா? மாதாமாதம் ரத்தப்போக்கு வருகிறதே, முட்டை இல்லாமல் அது எப்படி வரும்? நெட்டில் 30க்கு மேல் இருக்க வேண்டும் என்று வேறு போட்டிருக்கிறது, அதைப் பார்த்ததும் பயமாகிவிட்டது. அப்புறம் ஒரு லேபில் எல்லா ஹார்மோனும் சேர்த்து ஒரே பேக்கேஜாகப் பார்க்கிறார்கள், டாக்டரை அடுத்து பார்ப்பதற்குள் அதை எடுத்துவிடலாமா?


லேப்_ஷிப்ட்:

முதலில் அந்தக் கவுண்டர்காரர் சொன்னதை மறந்துவிடுங்கள். நான் புதுச்சேரியில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன், டாக்டர் இல்லை, ஆனால் இந்த மாதிரி ரிப்போர்ட்டைத் தினமும் பிரிண்ட் எடுத்துக் கொடுக்கிற ஆள். குறைவு என்று தடித்த எழுத்தில் போடுவது கம்ப்யூட்டர். உங்களுக்கு அன்று எத்தனையாவது நாள், சுழற்சி எத்தனை நாள் என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. ரிப்போர்ட்டின் வலது பக்கத்தைப் பாருங்கள், முட்டை வளரும் கட்டம், வெடிக்கும் சமயம், வெடித்த பிறகு, மாதவிடாய் நின்றவர்கள், கர்ப்பிணிகள் என்று வரிசையாக அளவுகள் இருக்கும். முட்டை வளரும் கட்டத்துக்கு 0.8 முழுக்கச் சரியான அளவு. வெடித்த பிறகு என்ற வரியோடு ஒப்பிட்டால்தான் குறைவு. ரத்தம் கொடுத்த அன்று நீங்கள் எந்த வரியில் இருந்தீர்கள் என்று பார்க்காமல் யாரும் எதுவும் சொல்ல முடியாது.

இந்த 21 எங்கிருந்து வந்தது என்றால், 28 நாள் சுழற்சி உள்ளவருக்கு ஏறக்குறைய 14ஆம் நாள் முட்டை வெளியே வரும். முட்டை வெளியேறிய பை சினைப்பையிலேயே தங்கி மஞ்சள் நிறக் கட்டியாக மாறும், கார்பஸ் லூட்டியம் என்பார்கள், அதுதான் புரோஜெஸ்டிரோனைச் சுரக்கிறது. முட்டை வந்து ஏழு நாள் வாக்கில் அளவு உச்சத்துக்குப் போகும், கர்ப்பம் தரிக்கவில்லை என்றால் அப்புறம் கட்டி சுருங்கி அளவு மளமளவென்று இறங்கி பீரியட்ஸ் வந்துவிடும். 14உம் 7உம் சேர்ந்து 21, அவ்வளவுதான் அதன் கதை. 28 நாள்காரர்களுக்குத்தான் அந்தக் கணக்கு.

சுழற்சி நீளமாக இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் நீள்வது முட்டை வருவதற்கு முந்தைய பாதி. பிந்தைய பாதி எல்லோருக்கும் கிட்டத்தட்ட 12, 14 நாள், கொஞ்சம் முன்னே பின்னே. உங்களுக்கு 37 நாள் என்று வைத்துக்கொண்டால் முட்டை வருவதே 23, 24ஆம் நாள் வாக்கில், உச்சம் 30ஆம் நாள் வாக்கில். 21ஆம் நாள் முட்டை இன்னும் வளர்ந்துகொண்டிருந்திருக்கலாம். ஆறு மணி பஸ்ஸுக்கு நாலு மணிக்கே ஸ்டாண்டில் நின்று பார்த்துவிட்டு பஸ்ஸே இல்லை என்று வீட்டுக்குத் திரும்பிய மாதிரி.

அதனால் எனக்கு ஒரு விஷயம் சொல்லுங்கள். ரத்தம் கொடுத்த பிறகு எத்தனை நாள் கழித்து பீரியட்ஸ் வந்தது? இந்த ரிப்போர்ட்டுக்கு அர்த்தம் கிடைப்பதே அந்த எண்ணிக்கை தெரிந்த பிறகுதான். ஏழு நாள், ஒன்றிரண்டு முன்பின் என்றால் சரியான சமயத்தில் எடுத்திருக்கிறீர்கள், அப்போது 0.8 வந்திருந்தால் அந்த மாதம் முட்டை வரவில்லை என்றுதான் பெரும்பாலும் எடுத்துக்கொள்வார்கள். பதினைந்து நாள் கழித்து வந்தது என்றால் அந்த 0.8 அன்றைக்கு வரைக்கும் முட்டை வரவில்லை என்பதைத் தவிர வேறு எதையும் சொல்லவில்லை.

30 பற்றி. அது வெளிநாட்டு அலகு, நானோமோல். நம் ஊர் லேப்களில் பெரும்பாலும் நானோகிராம். 1 நானோகிராம் ஏறக்குறைய 3.18 நானோமோல், ஆகவே அவர்களுடைய 30 நமக்கு ஒன்பதரை. அதுவும் சில நாடுகள் வைத்திருக்கிற கறாரான எல்லை. சரியான நாளில் எடுத்து 3 நானோகிராமுக்கு மேல் இருந்தாலே முட்டை வந்ததற்கான ஆதாரமாக எடுத்துக்கொள்வது பரவலான வழக்கம். இன்னொன்று, இந்த ஹார்மோன் ஒரே சீராகச் சுரப்பதில்லை, விட்டுவிட்டுச் சுரக்கும், காலையில் எடுத்ததும் மத்தியானம் எடுத்ததும் சில மடங்கு வித்தியாசப்படலாம். எனவே எனக்கு 6 அவளுக்கு 14, அவளுக்குத்தான் சீக்கிரம் கரு நிற்கும் என்று வாட்ஸ்அப்பில் போட்டுக் கவலைப்படுகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும், கொஞ்சம் வருத்தமாகவும் இருக்கும்.

பேக்கேஜை எடுக்காதீர்கள். நான் சொன்னேன் என்று தெரிந்தால் எங்கள் முதலாளி திட்டுவார், இருந்தாலும் சொல்கிறேன். முட்டை வளர்ச்சியோடு தொடர்புள்ள எஃப்.எஸ்.எச்., எல்.எச்., ஈஸ்ட்ரடையால் என்ற ஹார்மோன்கள் மூன்றும் பீரியட்ஸின் 2ஆம் நாளிலிருந்து 4ஆம் நாளுக்குள் எடுக்க வேண்டியவை. புரோஜெஸ்டிரோன் அடுத்த பீரியட்ஸுக்கு ஏழு நாள் முன்பு. தைராய்டும், முட்டை இருப்பைக் காட்டுகிற ஏ.எம்.எச்.சும் எந்த நாளிலும் எடுக்கலாம். இத்தனையையும் ஒரே ஊசியில் ஒரே நாளில் எடுத்தால் அதில் பாதி எதற்கும் உதவாத எண்ணாகத்தான் இருக்கும், எந்த நாளில் எடுத்தாலும்.


வில்லியனூர்_அக்கா:

தங்கச்சி, நானும் இந்த 21ஆம் நாளில் மாட்டியவள்தான். எனக்கு நாற்பது நாள் தாண்டிப் போகும், சில சமயம் இரண்டு மாதம் கூட ஆகும், நீர்க்கட்டியும் உண்டு. எனக்கு அப்புறம் பார்த்த டாக்டரம்மா செய்தது என்னவென்றால் ஒரே ஒரு நாளை நம்பாமல் 28ஆம் நாள் வாக்கில் ஆரம்பித்து வாரம் ஒரு தடவை பீரியட்ஸ் வருகிற வரைக்கும் எடுக்கச் சொன்னார். எரிச்சலான வேலை, ஊசி குத்திய இடம் கறுத்துப்போகும், ஆனால் எப்போது வரும் என்றே தெரியாதவர்களுக்கு அதுதான் வழி. ஒரு மாதம் எல்லாமே ஒன்றுக்குக் கீழே. அடுத்த மாதம் ஒரு வாரம் மட்டும் ஏறியிருந்தது. ஆக எனக்கு சில மாதம் முட்டை வருகிறது, சில மாதம் வரவில்லை என்று தெரிந்தது, அதற்கு முன்னால் எல்லாமே யூகம்தான்.

முட்டை இல்லாமல் ரத்தப்போக்கு வருமா என்று கேட்டாய். வரும். கர்ப்பப்பையின் உள்சதை ஈஸ்ட்ரோஜனால் வளர்ந்துகொண்டே போய் ஒரு கட்டத்தில் தாங்காமல் உதிரும், அதைப் பார்த்து நாம் பீரியட்ஸ் என்று நினைத்துக்கொள்வோம். எனக்கு அப்படி வந்த மாதங்களில் நாள் கணக்கே இருக்காது, திடீரென்று அதிகமாகப் போகும், மார்பு கனப்பது, அடிவயிறு இழுப்பது எதுவும் முன்கூட்டி இருக்காது. உனக்கு ஒழுங்காக 35, 38 என்று வருவதைப் பார்த்தால் முட்டை வந்துகொண்டிருக்கத்தான் வாய்ப்பு அதிகம் என்று என் மனசுக்குப் படுகிறது, ஆனால் டெஸ்டில் பார்த்துவிடு.

நாத்தனார் விஷயத்துக்கு ஒன்றே ஒன்று. இனிமேல் ரிப்போர்ட்டை உன் வீட்டுக்காரர் போனுக்கு மட்டும் அனுப்பச் சொல். எங்கள் வீட்டில் ரிப்போர்ட் கவர் டிவி ஸ்டாண்டு மேலே இருந்தது, வருகிற போகிற எல்லோரும் படித்தார்கள், பால்காரர் ஒருத்தர்தான் பாக்கி.


கெடிலக்கரை:

ரொம்ப நன்றி. காலண்டரை எடுத்துப் பார்த்தேன், ரத்தம் கொடுத்து 16 நாள் கழித்துத்தான் பீரியட்ஸ் வந்தது. அப்படியென்றால் அது தவறான நாளா?

இன்னும் இரண்டு சந்தேகம். முடி கொட்டுகிறது என்று பயோட்டின் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன், அது இதில் ஏதாவது செய்யுமா? அப்புறம் முட்டை எப்போது வரும் என்று முன்கூட்டியே ரத்தத்தில் தெரிந்துகொள்ள முடியாதா? எங்கள் வீட்டுக்காரர் வாரத்தில் பாதி நாள் நெய்வேலியில் தங்குகிற வேலை, அதனால் நாள் தெரிந்தால் நன்றாக இருக்கும்.


ஓய்வு_நர்ஸ்:

அரசு ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டிலும் புறநோயாளிப் பிரிவிலும் பல வருடம் இருந்தவள். லேப் தம்பி சொன்னது சரி. 16 நாள் கழித்து வந்திருக்கிறது என்றால் நீ ரத்தம் கொடுத்தபோது அநேகமாக முட்டை வெளியேவே வரவில்லை, அதற்கப்புறம் ஒன்றிரண்டு நாளில் வந்திருக்கலாம், வராமலும் இருந்திருக்கலாம். அந்த ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு எந்தப் பக்கமும் பேச முடியாது. மாத்திரை ஆரம்பிப்பதற்கு முன்னால் டாக்டரிடம் இந்த 16 நாள் கணக்கைச் சொல், பெரும்பாலானவர்கள் புரிந்துகொண்டு திரும்ப எடுக்கச் சொல்வார்கள். சீட்டில் 21 என்று எழுதுவது பழக்கத்தில் வருவது, சுழற்சி எத்தனை நாள் என்று கேட்டுவிட்டு எழுதியிருக்க வேண்டும்.

முன்கூட்டி தெரிந்துகொள்வதும் பின்னால் உறுதி செய்வதும் வேறு வேறு வேலை, இதை எல்லோரும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். புரோஜெஸ்டிரோன் நடந்து முடிந்ததைச் சொல்கிறது. அது ஏறியிருக்கிறது என்று உனக்குத் தெரிகிற நாளில் அந்த மாதத்து வாய்ப்பு முடிந்துபோயிருக்கும், ஏனென்றால் வெளியே வந்த முட்டைக்கு ஆயுசு 12இலிருந்து 24 மணி நேரம். முன்னால் சொல்வது முட்டையை வெடிக்கச் செய்கிற ஹார்மோனான எல்.எச். அது திடீரென்று எகிறி, எகிற ஆரம்பித்ததிலிருந்து ஏறக்குறைய ஒன்றரை நாளில் முட்டை வெடிக்கும். அதை ரத்தத்தில் பார்க்க தினமும் குத்திக்கொள்ள வேண்டும், யாராலும் முடியாது, அதற்குத்தான் மெடிக்கலில் சிறுநீர் ஸ்டிரிப் விற்கிறார்கள். கர்ப்பம் பார்க்கிற அட்டை மாதிரியேதான் இருக்கும், மாற்றி வாங்கிவிடாதே. உன் கணக்குக்கு 17, 18ஆம் நாளிலிருந்து தினமும் ஒரே நேரத்தில் பார். இரண்டாவது கோடு வந்தால் மட்டும் போதாது, பக்கத்துக் கோட்டுக்குச் சமமாகவோ அதைவிட அழுத்தமாகவோ இருக்க வேண்டும். மங்கலான கோட்டைப் பார்த்துவிட்டு வந்துவிட்டது என்று ஓடி வருவார்கள், அது கணக்கில் இல்லை.

அழுத்தமான கோடு வந்த நாளைக் குறித்து வைத்துக்கொள், அதிலிருந்து ஏழு, எட்டு நாள் கழித்து புரோஜெஸ்டிரோனுக்கு ரத்தம் கொடு. இரண்டும் சேர்ந்தால்தான் முழு விஷயம் தெரியும். எல்.எச். எகிறியும் முட்டை வெடிக்காத மாதங்கள் உண்டு, நீர்க்கட்டி உள்ளவர்களுக்கு எல்.எச். எப்போதுமே கூடுதலாக இருந்து ஸ்டிரிப் சும்மா சும்மா கோடு காட்டும். வில்லியனூர் அம்மாவுக்கு அப்படி நடந்திருக்கும் என்று நினைக்கிறேன். ரொம்ப அபூர்வமாக முட்டை பையை விட்டு வெளியே வராமலேயே புரோஜெஸ்டிரோன் ஏறுவதும் உண்டு, அதையெல்லாம் முட்டை வளர்வதை அடுத்தடுத்துப் பார்க்கிற பாலிக்குலர் ஸ்டடி ஸ்கேனில்தான் கண்டுபிடிக்க முடியும், உனக்கு இப்போதைக்கு அது வேண்டியதில்லை.

நெய்வேலிக்காரருக்குச் சொல், கோடு வந்த அன்றைக்கு லீவு போட்டு ஓடி வர வேண்டிய கட்டாயம் இல்லை. விந்தணு உடம்புக்குள் ஐந்து நாள் வரை உயிரோடு இருக்கும், முட்டை வரும் நாளும் அதற்கு முந்தைய ஐந்து நாளும் சேர்ந்ததுதான் கரு தங்கக்கூடிய நாட்கள், அதிலும் முட்டை வருவதற்கு முந்தைய இரண்டு நாள் நல்ல வாய்ப்புள்ளது. ஸ்டிரிப் பார்க்க ஆரம்பிக்கிற நாளிலிருந்தே ஒன்றுவிட்டு ஒரு நாள் சேர்ந்திருந்தால் போதும், அந்த வாரத்தில் இரண்டு மூன்று நாள் வீட்டில் இருந்தாலே பரவாயில்லை. நாள் பார்த்து, மணி பார்த்து, கடமைக்கு என்று ஆக்கிக்கொண்டால் இரண்டு பேருக்கும் வெறுத்துப்போகும், நிறைய பேரைப் பார்த்துவிட்டேன்.


லேப்_ஷிப்ட்:

பயோட்டின் கேட்டீர்களே, நல்ல வேளை கேட்டீர்கள், யாரும் கேட்பதில்லை. பல லேப் மெஷின்கள் வேலை செய்கிற முறையிலேயே பயோட்டின் ஒரு பொருளாக இருக்கிறது, அதனால் ரத்தத்தில் மாத்திரையிலிருந்து வந்த பயோட்டின் அதிகமாக இருந்தால் கணக்கு தப்பிவிடும். புரோஜெஸ்டிரோன், ஈஸ்ட்ரடையால் மாதிரி சிலவற்றை உள்ளதைவிடக் கூட்டிக் காட்டலாம், தைராய்டுக்குப் பார்க்கிற டி.எஸ்.எச்., எல்.எச்., எஃப்.எஸ்.எச். போன்றவற்றைக் குறைத்துக் காட்டலாம். எல்லா மெஷினிலும் இல்லை, ஆனால் உங்கள் லேபில் எந்த மெஷின் என்று உங்களுக்குத் தெரியாதே. முடி மாத்திரையில் 5 மில்லிகிராம், 10 மில்லிகிராம் என்று இருக்கும், உடம்புக்குத் தினமும் தேவைப்படுவது மைக்ரோகிராம் கணக்கில்தான், வித்தியாசத்தைப் பாருங்கள். ரத்தம் கொடுப்பதற்கு இரண்டு மூன்று நாள் முன்னால் நிறுத்திவிடுங்கள், ரத்தம் எடுப்பவரிடமும் சொல்லுங்கள்.

வெறும் வயிறு தேவையில்லை. முடிந்தால் ஒவ்வொரு முறையும் அதே லேபில், ஏறக்குறைய அதே நேரத்தில் கொடுங்கள், மெஷினுக்கு மெஷின் எண் கொஞ்சம் மாறும். சீட்டில் கடைசி பீரியட்ஸ் தேதியை எழுதச் சொல்லி வற்புறுத்துங்கள், அது இல்லாமல் வருகிற ரிப்போர்ட்தான் அதிகம்.


முந்திரித்தோப்பு:

இத்தனை டெஸ்ட் எதற்கு? பீரியட்ஸ் வந்த முதல் மூன்று நாள் மலைவேம்புச் சாறு குடித்தால் முட்டை தானாக வெடிக்கும். எங்கள் பண்ருட்டிப் பக்கம் எத்தனை பேருக்குப் பலித்திருக்கிறது. லேப்காரர்களுக்கு வேறு வேலை இல்லை.


வில்லியனூர்_அக்கா:

நானும் குடித்தேன் அண்ணே. வாந்திதான் வந்தது. குடித்தவர்களில் கரு தங்கியவர்கள் பேசுவார்கள், தங்காதவர்கள் வெளியில் சொல்ல மாட்டார்கள், அதனால் எல்லோருக்கும் பலித்த மாதிரி தெரியும். சித்த மருந்துதான் வேண்டும் என்றால் புதுச்சேரியிலேயே மத்திய அரசின் சித்த மருத்துவ ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, அங்கே போய் நாடி பார்த்து, இந்த ரத்த ரிப்போர்ட்டையும் காட்டிக் கேட்கட்டும். போன் வீடியோவைப் பார்த்து வேப்பமரமா மலைவேம்பா என்றே தெரியாமல் இலையைப் பறித்து அரைக்க வேண்டாம்.


மருந்துச்சீட்டு:

மெடிக்கல் ஷாப் வைத்திருக்கிறேன், இந்தப் பேச்சில் விட்டுப்போன சிலவற்றைச் சொல்கிறேன்.

முட்டை சரியாக வரவில்லை என்று உறுதியானால் அடுத்து ஏன் என்று பார்ப்பார்கள், அப்போது தைராய்டும், பால் சுரக்க வைக்கிற ஹார்மோனான புரோலாக்டினும் முக்கியம். புரோலாக்டின் கூடினால் முட்டை வருவது தடைப்படும். ஆனால் அது கூடுவதற்குச் சில மாத்திரைகளே காரணமாக இருக்கும். கேஸ், நெஞ்செரிச்சல் என்று நாமாக வாங்கிப் போடுகிற கேப்ஸ்யூலில் பாண்டாப்பிரசோலோடு டோம்பெரிடோனோ லெவோசல்பிரைடோ சேர்ந்திருக்கும், அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் பார்த்தால் தெரியும். இரண்டுமே புரோலாக்டினை ஏற்றுபவை. அதைத் தின்றுகொண்டே டெஸ்ட் எடுத்து, கூடியிருக்கிறது என்று மூளை ஸ்கேன் வரைக்கும் போய்விட்டு வந்தவர்கள் உண்டு. எந்தெந்த மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று ஒரு தாளில் எழுதி டாக்டரிடம் காட்டுங்கள். புரோலாக்டினுக்கு எழுந்த உடனே ஓடாமல், எழுந்து இரண்டு மூன்று மணி நேரம் கழித்து, பதற்றமில்லாமல் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுக் கொடுங்கள்.

முட்டை வளர லெட்ரோசோல் மாத்திரை எழுதிக் கொடுத்தால் உள்ளே இருக்கும் தாளைப் படித்துவிட்டுப் பயப்பட வேண்டாம். மார்பகப் புற்றுநோய்க்கு என்று போட்டிருக்கும், கடையில் வந்து எனக்குக் கேன்சரா என்று அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன். 2011இல் இந்திய அரசு அதைக் குழந்தைப்பேறுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று தடை போட்டது, 2017இல் அந்தத் தடையை எடுத்துவிட்டது. நீர்க்கட்டியால் முட்டை வராதவர்களுக்கு இப்போது முதலில் கொடுப்பதே பெரும்பாலும் அதுதான். ஆனால் சீட்டு இல்லாமல் தோழிக்குக் கொடுத்தது எனக்கும் ஒரு பட்டை கொடுங்கள் என்று கேட்டால் நான் கொடுக்க மாட்டேன். கர்ப்பம் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, எத்தனையாவது நாள் ஆரம்பிப்பது, முட்டை எத்தனை வளர்கிறது என்று கண்காணித்துக் கொடுக்க வேண்டிய மருந்து. அந்த மாதமும் புரோஜெஸ்டிரோன் பார்த்தால்தான் மருந்து வேலை செய்ததா என்று தெரியும்.

இன்னொன்று, ஏற்கெனவே புரோஜெஸ்டிரோன் மாத்திரையோ ஊசியோ எடுத்துக்கொண்டிருந்தால் ரத்தத்தில் அதுவும் சேர்ந்து ஏறித் தெரியலாம், அப்போது முட்டை வந்ததா என்பதற்கு இந்த டெஸ்டை நம்ப முடியாது. அதே வேலைக்குக் கொடுக்கிற டைட்ரோஜெஸ்டிரோன் வேறு வேதிப்பொருள், அது இந்த டெஸ்டில் தெரியாது. எது உங்களுக்கு எழுதியது என்று பாருங்கள்.


கெடிலக்கரை:

அந்த கேஸ் கேப்ஸ்யூல் எங்கள் வீட்டில் எல்லோருமே சாப்பிடுகிறோம். எடுத்துப் பார்த்தேன், டோம்பெரிடோன் இருக்கிறது. டாக்டரிடம் சொல்கிறேன். ஏ.எம்.எச். பற்றியும் யாராவது சொல்லுங்கள், ஓரகத்திக்கு அது குறைவு என்று சொல்லி டெஸ்ட் டியூப் வரைக்கும் பேசிவிட்டார்கள்.


ஓய்வு_நர்ஸ்:

ஏ.எம்.எச். சினைப்பையில் முட்டைகளின் இருப்பு எவ்வளவு என்று ஒரு மதிப்பீடு. இந்த மாதம் முட்டை வந்ததா வரவில்லையா என்பதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. நீர்க்கட்டி உள்ளவர்களுக்கு ஏ.எம்.எச். தாராளமாக இருக்கும், முட்டை மட்டும் மாதாமாதம் வராது. குறைவாக இருக்கிறவர்களுக்கு இயற்கையாகத் தங்காது என்றும் இல்லை, மாதம் ஒரு முட்டை போதுமே. டெஸ்ட் டியூப் சிகிச்சையில் ஊசி போட்டால் எத்தனை முட்டை கிடைக்கும், எவ்வளவு மருந்து கொடுப்பது என்று திட்டமிடத்தான் அது அதிகம் உதவும். உன் ஓரகத்தியின் வயது, எத்தனை வருடம் ஆயிற்று, மற்ற ரிப்போர்ட் எதுவும் தெரியாமல் நான் அதற்கு மேல் சொல்ல மாட்டேன்.

இவ்வளவு நேரம் எல்லோரும் உன் ரத்தத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். உன் வீட்டுக்காரருக்கு விந்தணுப் பரிசோதனை எடுத்தாயிற்றா? ஊசி கிடையாது, ஸ்கேன் கிடையாது, செலவும் குறைவு, ஆனாலும் எல்லா வீட்டிலும் அதுதான் கடைசி. 35 வயதுக்குக் கீழே இருந்தால் ஒரு வருடம் முயற்சித்துவிட்டு, 35க்கு மேல் என்றால் ஆறு மாதத்திலேயே, இரண்டு பேரும் சேர்ந்தே பார்க்க வேண்டும் என்பதுதான் முறை. சுழற்சி ஒழுங்கில்லை என்றால் அவ்வளவு கூடக் காத்திருக்க வேண்டாம். ஜிப்மரிலோ எல்லைப்பிள்ளைச்சாவடி ராஜீவ் காந்தி மகளிர் மருத்துவமனையிலோ கடலூர் அரசு தலைமை மருத்துவமனையிலோ மகப்பேறு புறநோயாளிப் பிரிவுக்குப் போனாலும் முதலில் இரண்டு பேரையும்தான் கேட்பார்கள்.


கெடிலக்கரை:

அவர் இன்னும் எடுக்கவில்லை. கேட்டால் எனக்கு என்ன என்கிறார், ஆனால் மறுக்கவில்லை. கடலூரில் தெரிந்தவர்கள் இருக்கிற லேபில் கொடுக்கக் கூச்சப்படுகிறார், வீட்டிலேயே எடுத்து புதுச்சேரி லேபுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கலாமா என்கிறார்.


லேப்_ஷிப்ட்:

வேண்டாம். எடுத்த பிறகு அரை மணி நேரத்துக்குள், அதிகபட்சம் ஒரு மணி நேரத்துக்குள் லேப் கைக்கு வந்துவிட வேண்டும், உடம்புச் சூட்டிலேயே இருக்க வேண்டும். கடலூரில் கிளம்பி அரியாங்குப்பம், முருங்கப்பாக்கம் நெரிசலைத் தாண்டி வருவதற்குள் அசைவு குறைந்துபோய் ரிப்போர்ட் மோசமாக வரும், அப்புறம் அதற்கு ஒரு பஞ்சாயத்து. நேரடியாகப் புதுச்சேரிக்கே வரச் சொல்லுங்கள், தனி அறை இருக்கும், கதவைச் சாத்திக்கொள்ளலாம், யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். கடைசியாக விந்து வெளியேறியதற்கும் இதற்கும் இரண்டு நாளிலிருந்து ஏழு நாளுக்குள் இடைவெளி இருக்க வேண்டும், அதைவிடக் குறைவும் வேண்டாம் கூடவும் வேண்டாம். ஆணுறையில் எடுத்துக்கொண்டு வருபவர்கள் இருக்கிறார்கள், அதில் இருக்கும் மருந்து அணுக்களைக் கொன்றுவிடும், லேபில் கொடுக்கிற டப்பாவில்தான் எடுக்க வேண்டும். கடைசி மூன்று மாதத்தில் கடுமையான காய்ச்சல் வந்திருந்தால் அதையும் சொல்லச் சொல்லுங்கள், விந்தணு உருவாக இரண்டரை மூன்று மாதம் ஆகும் என்பதால் பழைய காய்ச்சல் இப்போது ரிப்போர்ட்டில் தெரியும். கூட்டம் குறைவாக வேண்டும் என்றால் வார நாளில், காலை பத்து மணிக்கு மேல் வரலாம், சுகர் டெஸ்டுக்கு வெறும் வயிற்றோடு வருகிறவர்கள் எல்லாம் அதற்குள் போயிருப்பார்கள்.